மதுரைக்குப் போன தோல்

தோலை வெட்டி எடுத்துச் சோதிப்பது எப்படி என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஒருத்தருக்கும் அதுவரை வெட்டியதில்லை. அதனால்தான் அவ்வளவு விவரமாகப் பேசினார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. எனக்கு இருபது வயசு, கையில் எட்டு மாசப் பையன். இடது முழங்கைக்குக் கீழே காலணா அகலத்தில் வெளுப்பாக ஒரு படை வந்தது. என் மாமியார் அதை உற்றுப் பார்த்தார். மறுநாள் எனக்குத் தட்டு தனி, தண்ணீர் குடிக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதற்கு மறுநாள் பையனை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஆட்டுப்பால் புகட்ட ஆரம்பித்துவிட்டார். குஷ்டம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. என் மாமியாருக்கு வைத்தியர் எதற்கு?

“தோலை வெட்டிப் பாக்கட்டும். அந்த நோய்தான்னா இவ தேவதானத்துல அவ ஆத்தா வீட்டுக்குப் போயிரட்டும். பிள்ள இங்கனதான் இருக்கும்” என்றார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையை அவர் வேறு எதற்கும் செலவழித்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தைரியம் சொல்ல வந்தாள்.

“ஏட்டி, உள்ளங்கை அகலத்துக்கு உரிப்பாகளாம். தளவாய்புரத்துல ஒருத்திக்கு எலும்பே தெரிஞ்சிருச்சாம்.”

“நீங்க பாத்தியளாக்கா?”

“நான் எங்கட்டி பாத்தேன்? கேட்டதுக்கே எனக்குக் கிறுகிறுன்னு வந்துருச்சு.”

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் மாமியார், வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சுத் திரியால் படையைத் தொட்டார். தொடுவது தெரிந்தால் விரலை வைத்துக் காட்ட வேண்டும். ஓரத்தில் நன்றாகத் தெரிந்தது. நடுவில் தெரிகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. “அப்ப வெட்டித்தான் பாக்கணும்” என்றார்.

ஊசி ஒன்று போட்டார். எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. பிறகு கை என்னுடையது மாதிரியே இல்லை. சின்னக் கத்தியை வைத்து என்னமோ செய்தார். இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. எடுத்தது எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு துவரம்பருப்பு. அதற்கு ரெண்டு தையல், ஒரு கட்டு. “ஏழு நாள் தண்ணி படக் கூடாது” என்றார். உள்ளங்கையாம், எலும்பாம்! காய் நறுக்கும்போது அதைவிட அதிகமாக என் விரலை நானே வெட்டியிருக்கிறேன்.

அந்தத் துவரம்பருப்பை நெடியடிக்கும் மருந்துத் தண்ணீரில் போட்டு, சின்னக் குப்பியில் அடைத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். மதுரையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவரிடம் அவரே ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில், மகன் மதுரை வரைக்கும் பட்டினியாகப் போவானே என்று மாமியார் ஒரு கோழியை அடித்து வறுத்துக் கட்டிக் கொடுத்தார். எனக்குக் கை வெட்டுப்பட்டிருந்தது, கோழி அவருக்கு.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் மூன்று பேரும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். மதுரையிலிருந்து வந்த காகிதத்தை அவர் ரெண்டு தரம் படித்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“குப்பிய யாரு தொறந்தது?”

என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார்.

“இது மனுசத் தோலே இல்லன்னு எழுதியிருக்காங்க. இறகு மொளைச்ச குழி இருக்காம்.”

மாமியார் ஓட்டில் பல்லி தேடினார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் வீட்டுக்காரர் தானாக வாயைத் திறந்தார்.

“அன்னைக்கு அம்மா கோழி அடிச்சா.”

“ஏலே, வாய மூடுலே!” என்றார் மாமியார். அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “வீட்டுப் பொம்பள சதைய ஊரான் கையில குடுக்கலாமா தாயி? எவனாவது செய்வினை வச்சிட்டா வம்சத்துக்குல்லா ஆகாது? தொப்புள்கொடியப் பொதைக்கிற மாதிரி எருக்குழிக்குப் பக்கத்துல பொதைச்சிட்டேன். வெறுங்குப்பியக் குடுத்தா ஏசுவாகளேன்னு ஒரு துணுக்கு...”

“கோழித் தோலப் போட்டிய!”

“நல்ல வெடக்கோழிதான் தாயி.”

டாக்டரம்மா காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வீட்டுக்கு ஆகாதவள், என் தோல் மட்டும் வீட்டுச் சொத்தாம். அதை எருக்குழியோரம் பத்திரமாக வைத்துவிட்டு, பதினைந்து நாள் என் பிள்ளையை என் கண் முன்னாலேயே ஆட்டிடம் விட்டிருந்தார்கள்.

“திரும்ப வெட்டுங்கம்மா. இந்தத் தடவ குப்பிய நீங்களே அனுப்புங்க. எங்க வீட்டுல ஆடு வேற நிக்கி” என்றேன்.

மறுபடியும் ஊசி, கத்தி, தையல். ஆஸ்பத்திரி ஆளே குப்பியைக் கொண்டுபோனார். மறுபடியும் பதினைந்து நாள் சிரட்டைத் தண்ணீர். பாலைச் சுவரோரமாகப் பீய்ச்சிவிட்டு, உள்ளே பையன் அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு மரத்துப்போகிற ஊசி கிடையாது.

காகிதம் வந்தது. குஷ்டம் இல்லை, சாதாரணப் படை. தடவ ஒரு களிம்பு கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரைக் கேட்காமல் தொட்டிலிலிருந்து பையனைத் தூக்கினேன். ஆட்டுப்பாலுக்குப் பழகியவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள்தான் என்னிடம் வாய் வைத்தான்.

அதற்குள் மாமியார் தெருவுக்கே சொல்லி முடித்திருந்தார். “நான் அப்பவே சொன்னேன், அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுன்னு. இந்தச் சிறுக்கி கேட்டாத்தான!”

பேசிப் பேசித் தொண்டை வறண்டு உள்ளே வந்தார். “ஏட்டி, குடிக்கத் தண்ணி கொண்டா.”

பக்கத்துப் பானையில் மொண்டு, உட்கார்ந்தபடியே நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவர், “என்னட்டி இது, சிரட்டையில தாற?” என்றார்.

“நல்லா கழுவித்தான் இருக்கு, குடிங்க அத்தே” என்றேன். மடியில் பையன் பால் குடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை.