கடைசி வரியில் இருந்த பெயர்

தாம்பரம் கேசட் கடையில் ஒரு கீர்த்தனை ஓடியது. பாட்டுக்கு முன், "திறந்த கதவு என்பது பரலோக வாசல்" என்று யாரோ விளக்கினார்.

அது எங்கள் முடிச்சூர் வீட்டுக் கதவு. என் சிறுவயதில் தம்பி தானியேல் ஏரியில் மூழ்கிப்போனான். சாரலில் பாயெல்லாம் நனைந்தும் அம்மா கதவைச் சாத்தவிடாமல் அவனைக் கூப்பிட்டுப் பாடினாள். எங்கள் சபையில் உபதேசியாரான பெரியப்பா அதை எழுதிக்கொண்டார். கோயிலில் பாடியபோது கடைசி வரியில் தம்பி பெயர் இல்லை. பாட்டுக் கட்டியவர் பெயர் வைக்கும் வழக்கப்படி, பெரியப்பா பெயர் இருந்தது.

"எம் புள்ள பேரு எங்க மாமா?" என்றாள் அம்மா.

"கர்த்தர் பாட்டும்மா. உன்து என்துன்னு இன்னா கீது?"

"அப்ப உங்க பேரு மட்டும் ஏன் கீது?"

அதன்பின் அந்தப் பாட்டுக்கு அம்மா வாய் திறந்ததில்லை.

"கேசட் வேணுமாக்கா?" என்றார் கடைக்காரர். வேண்டாமென்று தலையாட்டினேன். கடைசி வரி வந்தபோது, யாருக்கும் கேட்காமல் தம்பி பெயரைச் சொன்னேன்.