பாம்பு மூலை நெல்

எங்கள் வயலைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும். எங்கள் சுருவில் ஊரில், கடலுக்குக் கிட்ட, அம்மா மழையை நம்பி விதைக்கிற வயல் அது. பக்கத்து வயல்களில் நெல் பள்ளிக்கூட வரிசைபோல ஒரே உயரத்தில் நிற்கும். எங்களுடையதில் பச்சைத் தண்டுக் குட்டைகளுக்கு நடுவே, அடித்தண்டு கருஞ்சிவப்பான நெட்டைகள் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒழுங்கு என்றால் உயிர்.

அம்மாவின் தம்பியான மாமா வரும்போதெல்லாம் பகிடி விடுவார்.

"என்னக்கா, உங்கடை வயல் கலியாண வீட்டுப் பந்தி மாதிரியெல்லோ கிடக்கு. நெட்டை, குட்டை எல்லாம் வந்திருக்கினம்!"

"எனக்குக் கலந்துதான் வந்தது. கலந்துதான் விதைப்பன். உனக்கென்ன?" என்பார் அம்மா. ஏன் கலக்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியாது.

ஒரு கார்த்திகைச் சனிக்கிழமை அம்மா கடைக்குப் போன நேரம் நான் வயலில் இறங்கினேன். நெட்டைகளைத் தேடித் தேடிப் பிடுங்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு மூலையில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே பாம்புப் புற்று இருந்தது. நாகதம்பிரான் இருக்கிற இடம் என்று அம்மா வெள்ளிக்கிழமைகளில் பால் வைப்பார். தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பிடுங்கியதையெல்லாம் மாடு தின்றது. வயல் வெளித்துப்போனதைக் கண்ட அம்மா, மாடு இறங்கிவிட்டது என்று அந்த வாயில்லாச் சீவனைத்தான் ஏசினார். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

கார்த்திகை முடியும் முன் புயல் வந்தது. கடல் அணையை உடைத்துக்கொண்டு வந்து மூன்று நாள் வயலுக்குள் நின்றது. தண்ணீர் வற்றியபோது தரையில் உப்புப் பூத்திருந்தது, நெல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. மற்றவர்கள் விதைநெல் வெளியில் வாங்கலாம். அம்மாவின் நெல் வேறு எவரிடமும் இல்லை. வீட்டில் இருந்த அவ்வளவையும் விதைத்தாயிற்று. அம்மா வரம்பில் குந்தியிருந்து அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

நாலைந்து நாள் கழித்து, மாமாதான் முதலில் கண்டார்.

"அக்கா... அந்த மூலையைப் பாருங்கோ."

சுற்றிவரச் செத்த நெல். புற்றடியில் மட்டும், நாலு பாய் விரிக்கிற அளவு இடத்தில், பச்சை. ஐதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது, ஆனால் உயிரோடு, காற்றில் அசைந்துகொண்டு நின்றது. அப்படியொரு பச்சையை நான் பிறகு எங்கேயும் காணவில்லை.

"நாகதம்பிரான் காப்பாத்திப்போட்டார்" என்று அம்மா கைகூப்பினார். மாமா செருப்பைக் கழற்றினார். நானும் கும்பிட்டேன், கிட்டப் போகத்தான் பயமாக இருந்தது.

தையில் அந்த மூலை ஒரு கடகப் பெட்டி நிறைய நெல் தந்தது. அடுத்த வருடம் அதுவே விதை. முளைத்து எழும்பியதெல்லாம் கருஞ்சிவப்புத் தண்டு நெட்டைகள். அம்மா அயலில் கைப்பிடி குட்டை நெல் வாங்கி மறுபடியும் கலந்தார். இப்போது கடல் அடிக்கடி உள்ளே வருகிறது. உப்புத் தண்ணீரில் சாகாத அந்த நெட்டை விதையைக் கேட்டு ஊரே அம்மாவிடம் வருகிறது.

முளைத்த நெல்லின் அந்தக் கருஞ்சிவப்பைக் கண்டும் அன்று எனக்கு மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. நாகதம்பிரான்தான் அந்த மூலையைக் காத்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. யாரிடமிருந்து காத்தார் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.