ஆறாம் அறையின் பூட்டு

ஆள் உள்ளே இருக்கும்போது அறையை வெளிப்பக்கம் பூட்டக் கூடாது. தீயணைப்பு நிலையத்தார் எங்கள் பள்ளியில் கொடுத்த துண்டறிக்கையில் இது எட்டாவது குறிப்பு. ஏழாவது, எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது. ஒன்பதாவது, சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது என்பது. ஏழையும் ஒன்பதையும் ஊரே பயபக்தியுடன் படித்தது. எட்டைப் படித்தவர்கள், இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். அவர் கட்டி வாடகைக்கு விட்டிருந்த எட்டு அறைகளில் ஐந்து அந்த நேரத்தில் வெளியேதான் பூட்டியிருந்தன. ஐந்திலும் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரியப்பா கடலை போடுவதை நிறுத்திவிட்டு அறைகள் போட்டிருந்தார். அறைக்கு இரண்டு பேர், எல்லாரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்து விடியலில் வந்து படுப்பார். இன்னொரு கம்பெனியில் காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் அவரை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவார். பூட்டு தொங்கினால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். தூங்கும் நண்பனுக்குச் செய்கிற மரியாதை அது. ஆறாம் அறையில் ஒரே ஊர்க்காரர்கள் இருவர். ஒருவரை நான் நெட்டை அண்ணன் என்பேன், மற்றவரைக் குட்டை அண்ணன். பூட்டுகிறவர் நெட்டை, தூங்குகிறவர் குட்டை.

நிலைய அலுவலர் எங்கள் பள்ளி மைதானத்தில் வாணலியில் தீ மூட்டி, ஈரச்சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டினார். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும் என்று விளக்கி, தலைமையாசிரியரை உருளச் சொன்னார். தலைமையாசிரியர் உடற்பயிற்சி ஆசிரியரை உருளச் சொன்னார். உடற்பயிற்சி ஆசிரியர் ஐந்தாம் வகுப்பை உருளச் சொன்னார். அரசு ஆணை கீழே இறங்கும் விதத்தை நான் முதன்முதலில் கற்றது அன்றுதான். உருண்டு எழுந்ததும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் அடுப்பு எங்கே, வாசல் எத்தனை என்றெல்லாம் நிரப்பி ஆசிரியர் மூலம் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசிக் கட்டம், ‘வேறு ஆபத்துகள்’. எல்லாரும் அதில் ‘இல்லை’ என்று எழுதினார்கள். நான் வகுப்பில் முதல் மாணவன்.

“இன்னாடா இவ்ளோ நேரமா எழுதிக்கினு கீற?” என்றார் பெரியப்பா.

“ஃபயர் ஸ்டேஷன் ஃபார்ம், பெரிப்பா.”

“எழுது, எழுது. கையெழுத்து மட்டும் நல்லா இருக்கட்டும்.”

கையெழுத்து நன்றாகவே இருந்தது. ஆறாம் அறையை வெளியே பூட்டுபவரின் முழுப்பெயர், அவர் வேலை செய்யும் கம்பெனி, பூட்டும் நேரம், திறக்கும் நேரம், உள்ளே தூங்குபவரின் பெயர் எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடக்கியிருந்தேன்.

பதினோராம் நாள் மதியம் ஆறாம் அறைக் கதவின் இடுக்கில் புகை வந்தது. கொசுவர்த்தி பாயில் பட்டு, பாயிலிருந்து கொடியில் தொங்கிய துணிகளுக்குத் தீ ஏறியிருந்தது. உள்ளே குட்டை அண்ணன் கதவை அறைந்தார். சாவி எங்கோ ஒரு தொழிற்சாலையின் வாசல்களுக்குள் நெட்டை அண்ணனின் பேன்ட் பையில் இருந்தது. பெரியப்பா கருங்கல்லால் பூட்டை அடித்தார். பூட்டு நல்ல பூட்டு.

“பூட்ட அடிக்காதீங்க பெரிப்பா, நாதாங்கிய நெம்புங்க,” என்று கத்தினேன். அலுவலர் சொன்னதுதான். பிறகு காற்றுத் துவாரத்தைப் பார்த்து, “அண்ணே, நிக்காதீங்க, தரையோட படுங்க,” என்றேன். அதுவும் அவர் சொன்னதே.

பெரியப்பா கடப்பாரையை எடுத்துவந்து நெம்பினார். தன் சொந்தக் கதவை ஒருவர் அவ்வளவு ஆத்திரத்தோடு உடைத்து நான் பார்த்ததில்லை. இடது கை வெந்து, இருமிக்கொண்டே தவழ்ந்து வந்த குட்டை அண்ணன் முதலில் கேட்டது: “மணி என்னாச்சு? பஸ்ஸு போயிருச்சா?”

தீயணைப்பு வண்டி வந்தபோது வாளித் தண்ணீரிலேயே தீ அடங்கியிருந்தது. அதே அலுவலர்தான் இறங்கினார். புகைந்த பாயை வெளியே இழுத்துப் போடச் செய்துவிட்டு நோட்டைத் திறந்தார். ஒருவருக்குக் காயம் என்பதால் அறிக்கை போலீசுக்கும் போகும் என்றார்.

“வெளியே பூட்டினது யாரு?”

பெரியப்பா முன்னால் வந்து, “நான்தாங்க,” என்றார்.

“இல்ல சார்,” என்றேன் நான். “நெட்டை அண்ணன் சார். ஃபார்ம்ல எழுதிக் குட்த்துட்டேன். பேரு, கம்பெனி எல்லாம் கீது.”

அலுவலர் என்னையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “படிவத்தைப் பார்க்கிறேன்,” என்று சொல்லி நோட்டை மூடினார்.

வண்டி திரும்பியதும் பெரியப்பா என் காதைப் பிடித்தார். “உன்ன எவன்டா சாட்சிக்கு கூப்ட்டான்?”

விஷயம் இதுதான். நெட்டை அண்ணன் இன்னும் பயிற்சியில் இருந்தார், அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டியவர். போலீஸ் அறிக்கையில் பெயர் ஏறிவிட்டால் கம்பெனி அவரை வாசலோடு அனுப்பிவிடும் என்று எட்டு அறைகளும் பேசின. எனக்கு அதில் என் தவறு எதுவும் தெரியவில்லை. கேட்டார்கள், எழுதினேன்.

நெட்டை அண்ணன் என்னைத் திட்டவில்லை. “உள்ளதத்தான தம்பி எழுதியிருக்க. என் கையாலதான பூட்டுனேன்,” என்றார்.

கட்டுப்போட்ட கையோடு குட்டை அண்ணன் சொன்னார்: “நீ பூட்டலைன்னா நம்ம பயலுவ பத்து தடவ எழுப்பியிருப்பானுவ. மூஞ்சிய அப்பிடி வைக்காதல. தீயே தேவல.”

பெரியப்பா அன்று மாலையே எட்டு நாதாங்கிகளையும் பெயர்த்தெடுத்து, உள்ளிருந்தும் திறக்கக்கூடிய பூட்டுகளைக் கதவில் பதிக்க ஆளைக் கூப்பிட்டார். என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நெட்டை அண்ணன் வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தினமும் தபால்காரரை எதிர்பார்த்தேன். பாராட்டுக் கடிதம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வந்தது பழுப்பு உறை. என் பெயருக்கு முன் ‘திரு’ போட்டிருந்தார்கள். உள்ளே என் பழைய படிவம், ஒரு புதிய படிவம், நிலைய அலுவலரின் நான்கு வரிக் கடிதம். கடைசிக் கட்டத்தில் மை சிந்தியிருப்பதால் வாசிக்க இயலவில்லை; வீட்டு உரிமையாளரைக் கலந்து புதிய படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

என் படிவத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுதியது பால்பாயிண்ட் பேனாவில். இதுவோ புட்டி மை. கட்டத்தின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நின்றிருந்தது. வெளியே ஒரு சொட்டு இல்லை. என் மற்ற விடைகள் பளிச்சென்று இருந்தன.

பெரியப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்துபோய் நெட்டை அண்ணனிடம் காட்டிவிட்டு வந்து, பல நாளைக்குப் பிறகு என்னோடு பேசினார்.

“எழுது. இதுவரைக்கும் வெளியே பூட்டியது வீட்டு உரிமையாளர். இனிமே பூட்ட மாட்டார்.”

“அது பொய் பெரிப்பா.”

“ரெண்டாவது வரி நெசந்தானே? எழுது.”

எழுதினேன். என் முதல் அரசாங்கக் கடிதப் போக்குவரத்திலேயே பொய் எழுத வைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில், தனித்தாளில் இன்னொன்றும் எழுதினேன். நிலைய அலுவலர் பொறுப்பில்லாமல் மாணவரின் படிவத்தில் மை கொட்டியது குறித்து அவருடைய மேலதிகாரிக்குப் புகார். தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி பெரியப்பா அதை வாங்கிக்கொண்டார்.

பதினேழு வருடம் ராணுவ அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் மேஜையிலும் மை கொட்டியிருக்கிறது. கொட்டிய மை எந்தக் கோட்டுக்கும் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று இது தெரியாமல், பேனா பிடிக்கத் தெரியாத ஓர் அதிகாரி என்று அவரைப் பற்றி வகுப்பு முழுவதும் சொல்லிவைத்தேன். யார் பூட்டியது என்ற கேள்விக்கு அவருடைய பதில், அந்தப் பழுப்பு உறையில், எங்களுக்கு வந்து சேர்ந்தது ஆவணி மாதம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.