சளி பிடிக்காத ஒரு வாரம்

தையல் ஆலையில் அவளை எல்லோரும் காலர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மகளுக்கு நான்கு வயது. தூக்கினால் இரண்டு வயதுக் கனம்கூட இருக்காது. தெருவே அவளைக் குருவி என்றது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. போதாததற்கு, நுரையீரலுக்குப் போகும் குழாயும் குறுகல். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும், அங்கேயே குந்திக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் நெஞ்சில் சளி என்று திருப்பி அனுப்பினார்கள். சளி பிடிக்காமல் என்ன செய்யும்? இருந்தது ஒற்றை அறை. பக்கத்துக் குளியலறையை ஒட்டிய சுவரில் வருஷம் முழுக்க ஈரம் ஊறும். சன்னலைத் திறந்தால் தெருப்புகை, மூடினால் பூஞ்சை வாடை. புருஷன் லாரியில் கிளம்பினால் திரும்ப வாரக்கணக்காகும்.

இரண்டாம் முறை திரும்பிய அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் மகளுக்கும் நான்கு வயது, அதே நோய். ஆபரேஷன் எப்போதோ முடிந்து, சும்மா காட்டிவிட்டுப் போக வந்தவர்கள்.

"ஆன்ட்டி, உங்க பாப்பா ஏன் பேச மாட்டேங்குது?" என்றது அந்தப் பிள்ளை.

குருவிக்கு 'அம்மா', 'வேணாம்' தவிர வேறு வார்த்தை வராது. காலர்க்கா பேச்சை மாற்றினாள். "உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"பிறந்த மறுநாளே கண்டுபிடிச்சுட்டாங்கக்கா. ஒரு வயசுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. உங்களுக்கு?"

"ரெண்டு வயசு தாண்டி. அதுவரைக்கும் சவலைப் புள்ள, சத்து மருந்து குடுன்னுதான் சொன்னாங்க."

அந்தத் தாய் தலை குனிந்துகொண்டாள். யார் மேல் என்று தெரியாமலே காலர்க்காவுக்கு வயிறு எரிந்தது.

ஆபரேஷனுக்கு மூன்றாம் முறை தேதி கொடுத்தார்கள். "ஒரு வாரம் முன்னாடியிருந்தே சளி பிடிக்காம கண்ணுல வெச்சுப் பார்த்துக்கங்க. இனிமேலும் தள்ளிப்போனா குழந்தை தாங்காது" என்றார் டாக்டரம்மா.

ஆலையில் லீவு கேட்டாள். "ஆர்டர் அனுப்புற நேரத்துல ஒரு வாரமா? போனா உன் மெஷின்ல வேற ஆளு உட்காரும்" என்றார் சூப்பர்வைசர்.

"உட்காரட்டும் சார்" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்து அறைக் குடும்பத்திலோ எல்லோருக்கும் இருமல். ஆலையில் பட்டன் வைக்கும் தோழி நேரே வந்து பையைத் தூக்கினாள். "எங்க மாடி ரூம் காய்ஞ்சு கிடக்கு. என் புள்ளைங்கள எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். பேசாம வா."

அங்கே இருந்த நாளெல்லாம் குருவி ஒரு தும்மல் போட்டால் இவள் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பிள்ளை தூங்கும்போது மார்பில் காதை வைத்து, உள்ளே கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாள் காலை, பஸ்ஸில் நெரிசல். குருவி வீறிட்டு அழுதாள். அழுகை பாதியில் அறுந்தது. முகம் கருநீலமானது. காலர்க்கா பிள்ளையை மடியில் மல்லாத்தி, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள்.

"ஐயோ, புள்ளைய நசுக்குறியே!" என்று ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க! இதயத்துல கோளாறு. இப்படிப் பிடிச்சாத்தான் மூச்சு வரும். டிரைவர் அண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க!"

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நிறுத்தங்களையெல்லாம் தாண்டி, ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே பஸ்ஸை விட்டார். வழியில் இறங்கவேண்டியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலர்க்கா இறங்கும்போது குருவி முனகினாள். மூச்சு இருந்தது.

நெஞ்சில் சளி இல்லை. அன்றே உள்ளே கொண்டுபோனார்கள். லாரியைப் பாதி வழியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்த புருஷன் சுவரில் சாய்ந்து நின்றான். சொன்ன நேரம் கடந்தும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். "பிழைச்சுக்கிட்டா." புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆனா ஆக்சிஜன் போதாமலே இத்தனை வருஷம் வளர்ந்த புள்ள. பேச்சு, படிப்பு எல்லாம் மெதுவாத்தான் வரும். பயிற்சிக்குத் தவறாம கூட்டிட்டு வாங்க."

"முன்னாடியே பண்ணியிருந்தா?" என்றாள் காலர்க்கா.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆலை வேலை போயேபோய்விட்டது. இப்போது தெருமுனையில் ஒரு மெஷின் போட்டுக் கிழிசல் தைக்கிறாள்; பயிற்சி நாட்களில் மூடிவிட்டுக் கிளம்ப யாரையும் கெஞ்சவேண்டியதில்லை. அந்த ஈரச் சுவர் அறைதான் இன்னும் மாறவில்லை. குருவிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, உதடு சிவந்திருக்கிறது, வகுப்பில் எல்லோரையும்விட உருவத்தில் சின்னவள். போன வாரம், "இன்னும் பேச்சு திருந்தலையே" என்று எதிர்வீட்டுக்காரி இழுத்தபோது, குருவி இடுப்பில் கை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து, "நீ... போயி... உன் வேலயப் பாரு" என்றாள்.

அதட்டத்தான் காலர்க்கா வாயைத் திறந்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.