நான்காவது தப்பு

கிரீனா போகார்ட்டின் அடக்கம் முடிந்து, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். அவரிடம் படித்தவர்கள் அறுபது பேராவது வந்திருப்பார்கள். எழுந்து பேசிய எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "கிரீனா டீச்சர் யாருக்கும் தப்பே போட மாட்டாங்க. அவ்வளவு இளகின மனசு." மூன்றாவது ஆளும் அதையே சொன்னபோது நான் கோப்பையைச் சற்றுச் சத்தமாகவே கீழே வைத்தேன்.

இளகின மனசாம்! இருபத்தேழு வருஷம் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். பெருக்கலில் ஒரு பூஜ்யம் குறைந்தால் அந்த அம்மாள் வகுப்பையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவர் தப்பு போடாதது ஒரே ஒரு பாடத்தில்தான். அதற்குப் பெயர் இரக்கம் இல்லை. என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பாடம் குருட்டுப் படம். எங்கள் ஸேலண்ட் மாகாணத்தில் படித்த எவரும் அந்தச் சொல்லை இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். சுவரில் தொங்கும் பெரிய வரைபடம். தீவு, கால்வாய், கடற்கரை எல்லாம் இருக்கும், பெயர் ஒன்றுகூட இருக்காது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஓர் எண். ஆசிரியர் நீளக் கோலால் புள்ளியைத் தொடுவார், நாங்கள் பெயரை எழுத வேண்டும்.

நான் 1975-இல் ஹூஸ் நகரத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது, வாய் கொஞ்சம் நீளம். மறு வருஷம் ஒரு நாள், ஒரு பையனுடைய அப்பா தேர்வுத் தாளை ஆட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

"இது என்ன கூத்து? ஃபிளிசிங்கன்னு எழுத வேண்டிய இடத்துல 'தாத்தா கப்பல் கட்டுற ஊரு'ன்னு எழுதியிருக்கான். நீங்க சரி போட்டிருக்கீங்க!"

கிரீனா தாளை வாங்கிப் பார்த்தார். "உங்க அப்பா அங்கதானே வேலை பார்க்கறார்?"

"அங்கதான். அதுக்காக?"

"அப்ப இதுல எது பொய்னு சொல்லுங்க, தப்பு போட்டுடறேன்."

மனிதர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நான்தான் விடவில்லை. வரைபட அறையில் அவர் படங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சீண்டினேன். "டீச்சர், நாளைக்கு எவனாவது ஆம்ஸ்டர்டாமுக்கு 'அத்தை வீடு'ன்னு எழுதுவான். அதுக்கும் சரியா?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் தனியாகச் சாத்தியிருந்த ஒன்றை எடுத்து விரித்தார். பழைய ஸேலண்ட் குருட்டுப் படம். மேல் கட்டை புதிது, துணி பழுப்பேறியிருந்தது. அச்சான புள்ளிகள் முப்பது. கிழக்குக் கோடியில், கடலுக்குத் தடுப்பாக எழுப்பிய கரையை ஒட்டி, யாரோ சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து 31 என்று எழுதியிருந்தார்கள்.

"இது எந்த ஊருன்னு சொல்லு பார்ப்போம்."

தெரியவில்லை. அங்கே வயல்தான் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன்.

"மேவன்ஹூக்," என்றார். "நான் பொறந்த ஊரு."

நாற்பது வீடும் ஒரே ஓர் ஆசிரியரும் இருந்த ஊர் அது. அச்சடித்தவர்கள் மதிக்காத ஊருக்கு அந்த ஆசிரியர், டிங்கமன் மாஸ்டர், தாமே புள்ளி வைத்தார். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் தாளைத் திருத்துவார்கள். 1953, ஜனவரி கடைசி நாள், சனிக்கிழமை. அப்போதெல்லாம் சனிக்கிழமை காலையிலும் பள்ளி உண்டு. அன்று குருட்டுப் படத் தேர்வு. கிரீனாவுக்குப் பன்னிரண்டு வயது. திருத்த வந்த தாள் அவருடைய தங்கை ஜன்னாவுடையது. அவளுக்கு எட்டு.

"மூணு தப்பு வரைக்கும் மன்னிப்பு. நாலு வந்தா மத்தியானம் இருந்து எழுதிட்டுத்தான் போகணும். அதான் மாஸ்டரோட சட்டம்," என்றார் கிரீனா. "ஜன்னாவுக்கு மூணு தப்பு. கடைசிப் புள்ளி முப்பத்தொண்ணு. அது நம்ம ஊரு, கழுதைக்குக்கூடத் தெரியும். அவ என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'வீடு'."

நான் சிரித்துவிட்டேன். பாவி நான், சிரித்தேன்.

"நானும் சிரிச்சேன். சத்தமாப் படிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளுக்கு மூக்கு நுனி செவந்துடுச்சு. 'அது வீடுதானே அக்கா? அங்கதானே இருக்கோம்?'னா. 'வீடுன்னு ஒரு ஊரு இருக்காடி? பேரு எழுதணும்'னேன். மாஸ்டர் அடுப்புக்கிட்ட பைப் பத்த வச்சுக்கிட்டு நின்னார், பார்க்கக்கூட இல்ல. சிவப்புப் பென்சில் என் கையில இருந்தது. கிராஸ் போட்டேன்."

அன்று மத்தியானம் ஒன்றரை மணி பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஹூஸுக்குப் போவதாக இருந்தது. சித்திக்குப் பிறந்தநாள். அப்பாவுக்கு அன்று மாடுகளை விட்டுவர முடியாது. அம்மா இரண்டு டிக்கெட் வாங்கி, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தார். நான்கு தப்பு வாங்கியவளோ பள்ளியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா பஸ் ஸ்டாப்புல வச்சுச் சொன்னாங்க, 'நீ போ. அடுத்த பஸ்ஸு சாயங்காலம்தான், இந்தக் காத்துல சின்னதைத் தனியா அனுப்ப மாட்டேன். திங்கக்கிழமை அப்பா கொண்டாந்து விடுவார்'னு. நடுவுல ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை பயணம் போறது எங்க சபையில பாவம்."

தேர்வின்போது அந்தப் படத்தின் துணி கட்டையிலிருந்து கிழிந்து தொங்கியிருந்தது. ஹூஸுக்குத்தானே போகிறாய், புத்தகம் கட்டுபவரிடம் கொடுத்துவிடு என்று மாஸ்டர் அதைச் சுருட்டிக் கிரீனாவிடம் கொடுத்தனுப்பினார். அவளைவிட உயரமான சுருள். கண்டக்டர் வம்புக்கு இழுத்தார்: "என்ன பாப்பா, இந்தத் தொரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கா?"

"எடுத்திருக்கு," என்றாள் கிரீனா. இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினாள்.

தங்கையின் இடத்தில் படம் உட்கார்ந்து வந்தது. பஸ் பள்ளியைக் கடந்தபோது ஜன்னா ஜன்னலில் நின்று நாக்கைத் துருத்தினாளாம். இவளும் துருத்தினாள்.

அன்றிரவு புயலில் கரை உடைந்தது. அப்பா, அம்மா, ஜன்னா, மாஸ்டர், அவர் மனைவி, இன்னும் பலர். ஹூஸில் தெரு நனையவில்லை. மேவன்ஹூக்கைத் திரும்பக் கட்டுவதில்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. உப்பு நீர் வடிந்ததும் உழுதார்கள், கோதுமை போட்டார்கள்.

"அந்தத் தாளும் தண்ணியோட போயிடுச்சு, லீவன். இருந்தா அழிச்சிருப்பேன்," என்றார் கிரீனா. பிறகு படத்தைச் சுருட்டிக் கட்டி, நாடாவில் முடிச்சுப் போட்டு, மூலையில் சாத்தினார்.

அவர் சித்தி வீட்டில் வளர்ந்தார், ஆசிரியை ஆனார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகம் கட்டுபவர் ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருந்த படத்தைப் போய் வாங்கிவந்தார். அதை ஒருபோதும் வகுப்பில் மாட்டவில்லை. வருஷத்தில் ஒரு நாள், பிப்ரவரி முதல் தேதி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விரித்து வைத்திருப்பார். அன்று யாரும் போய்க் கூப்பிட மாட்டோம்.

நான் இயந்திரப் பைத்தியம். பள்ளியில் ஸ்லைடு வந்தபோது நான்தான் ஓட்டினேன், தலைக்கு மேல் வெளிச்சம் அடிக்கும் பெட்டி வந்தபோதும் நான்தான், கம்ப்யூட்டர் வந்தபோது கேட்கவே வேண்டாம். "லீவன், உன் பொட்டி அணைஞ்சா உலகமே இருட்டாயிடுது. என் படத்துக்குக் கயிறு போதும்," என்று கிண்டல் செய்வார். 2002-இல் ஓய்வு பெற்றார். ஹூஸை விட்டு எங்கும் போகவில்லை. தம்முடைய படத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. "அது பள்ளிக்கூடத்துப் பொருள். பள்ளிக்கூடத்துலதான் இருக்கணும்," என்றார்.

ஐந்து வருஷம் கழித்து எல்லா வகுப்பிலும் டிஜிட்டல் பலகை வந்தது. தலைமை ஆசிரியர் மரீனஸ் வரைபட அறையைக் காலி செய்யச் சொன்னார். பொறுப்பு என்னுடையது. இந்தோனேசியா எங்கள் நாட்டுக் காலனியாக இருந்த காலத்துப் படம், எலும்புக்கூட்டுப் படம், கோதுமையின் வேர் படம் என்று முப்பது சுருள். சந்தைத் திடலில் புதிதாகக் காப்பிக் கடை வைத்தவர் சுவர் அலங்காரத்துக்குக் கேட்டார். நான் வகுப்பில் புதுப் பலகைக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் எடுத்துக்குங்க," என்று தலையைத் திருப்பாமல் சொன்னேன். மூலையில் ஒன்று தனியாகச் சாத்தியிருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் நியாயம் ஆகாது.

நினைவு வந்தது இரண்டு வாரம் கழித்து. காப்பிக் கடைக்கு ஓடினேன். கிரீனா எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார், எதிரில் ஆறிப்போன காப்பி. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே அவருடைய படம் அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சுவரில் இடம் போதவில்லை என்று கடைக்காரர் கிழக்குப் பக்கம் ஒரு சாண் வெட்டியிருந்தார். முப்பத்தொன்று இல்லை. வெட்டிய துண்டு குப்பையோடு போய்விட்டது.

"அளவுக்கு வெட்டியிருக்காங்க," என்றார் கிரீனா. அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு நான் ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை.

புதுப் பலகையில் குருட்டுப் படமும் இருந்தது. புள்ளி மினுக்கும், பிள்ளைகள் பெயரைத் தட்டுவார்கள். சரி என்றால் பச்சை, ஒரு சின்ன ஊதல் சத்தம். தப்பு என்றால் சிவப்புக் கிராஸ். அதில் ஆசிரியரே புதுப் புள்ளி சேர்க்கலாம் என்று ஒரு வசதி. மறு பிப்ரவரியில், வெள்ளம் வந்து ஐம்பத்தைந்து வருஷம் ஆனபோது, பள்ளி விட்டு வகுப்பு காலியான பிறகு கிரீனாவை அழைத்து வந்தேன். கிழக்குக் கோடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன்.

கோட்டைக் கழற்றாமலே பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "தள்ளி வச்சிருக்கே. இன்னும் கரை ஓரமா."

நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம். ம். அங்கதான்."

புள்ளியை விட்டதும் பலகையில் ஒரு கட்டம் திறந்தது. சரியான விடை என்ன என்று கேட்டது. தட்டச்சுப் பலகையை அவர் பக்கம் தள்ளினேன். ஒற்றை விரலால், ஓர் எழுத்தும் பிசகாமல், மேவன்ஹூக் என்று அடித்தார். கீழே இன்னொரு கட்டம் இருந்தது.

"இது எதுக்கு?"

"வேற விடை எதையாவது சரின்னு எடுத்துக்கலாமான்னு கேக்குது, டீச்சர். பிள்ளைங்க ஒரே ஊரை ரெண்டு மாதிரி எழுதுவாங்கல்ல, அதுக்காக. வேண்டாம்னா விட்டுடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "நாம எதைச் சொன்னாலும் எடுத்துக்குமா?"

"எடுத்துக்கும்."

கோட்டின் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு அடித்தார்: வீடு.

நான் தேர்வைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினேன். முப்பத்தொன்று மினுக்கியது. கிரீனா மறுபடி அந்தச் சொல்லை அடித்தார். எட்டு வயதுப் பிள்ளை எழுதுவது மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பச்சை வந்தது. அந்த அசட்டு ஊதல் சத்தம் காலி வகுப்பில் பெரிதாகக் கேட்டது.

அவர் பலகையைத் தொட்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார், அடுப்பருகே நிற்கும் வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்:

"மூணு தப்புதான், மாஸ்டர். அவளை விட்டுடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."