தோளுக்கு ஒரு சும்மாடு

முதலில் விழுந்தது கத்தரிக்கோல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டின் கைப்பகுதியை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். துணி பாதி வெட்டுப்பட்டு நின்றது. கத்தரிக்கோல் என் கையில் இல்லை, தரையில் கிடந்தது. அது நழுவியதே எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் அது. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். பிறந்த ஊர் நாசரேத் பக்கம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா. பிள்ளைகள் இரண்டு பேர். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தையலைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது, அதில் மட்டும் யாருக்கும் நான் இளைத்தவள் இல்லை.

வலது தோளில் தொடங்கிய குத்தல் ஒரு மாதத்துக்குள் கையின் உள்பக்கமாக இறங்கி, மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் போய் நின்றது. காலையில் விரல்கள் நன்றாக இருக்கும். மூன்றாவது மணி அடிக்கும்போது அந்த இரண்டும் யாருடையவையோ என்று ஆகிவிடும். கத்தரிக்கோலின் பெரிய வளையத்துக்குள் நுழைகிற விரல்கள் அவைதாம். வீட்டில் குழம்புச் சட்டியை இறக்கப் போய்ப் பாதிக் குழம்பை அடுப்பில் கொட்டினேன்.

எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூடமே வாழ்க்கை. கை சரியாகாவிட்டால் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிறகு வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் அந்த அறையில் வேலை பார்த்தவளுக்கு நாலு வரிக் கடிதம்.

இதே நோவோடு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அதனால் கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். எனக்கு மார்பு கனம். இரண்டாவது பிள்ளை பால் மறந்த பிறகும் அது குறையவில்லை. ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் பாடியை நானே தைத்துக்கொள்வேன். விலா வரை இறங்குவதை ஃபுல் பாடி என்போம், மார்போடு நிற்பதை அரை பாடி என்போம். நான் போட்டது ஃபுல் பாடி. அதன் தோள்பட்டைக்குக் கொழும்பிலிருந்து கப்பலில் வரும் அகலமான எலாஸ்டிக்கை வாங்கி வைத்துத் தைப்பது வழக்கம். யுத்தம் வந்து எலாஸ்டிக் நின்றுபோனது. பாவாடைக்குக் கோக்கிற மெல்லிய நாடாவை வைத்துத் தைத்துக்கொண்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து பாடியைக் கழற்றிப் போட்டால் சாயந்திரத்துக்குள் விரல்கள் திரும்பி வரும். திங்கட்கிழமை மறுபடியும் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், நானே கண்டுபிடித்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"ஏளா, இதப் போயி டாக்டர்ட்ட சொல்லுவியாக்கும்? தோளு வலிக்கின்னு சொல்லு, போதும்."

முதல் தடவை அப்படித்தான் சொன்னேன். துறைமுகத்துக்குப் போகிற பாதையில் இருந்த ஆஸ்பத்திரி அது. டாக்டர் சென்னையில் படித்தவர், வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். ஜாக்கெட்டுக்கு மேலேயே முழங்கையைத் தட்டிப் பார்த்தார். தோளைத் தொடவே இல்லை. வாதமாக இருக்கலாம் என்று ஒரு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் குடித்தேன். கசந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை துணிந்துவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போனதும், இதெல்லாம் பாடியால்தான் என்று நினைக்கிறேன் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். காது இரண்டும் சுட்டது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"ஃபுல் பாடியா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். ஃபுல் பாடிதான்."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஃபுல் பாடி, அரை பாடி என்ற வித்தியாசம்கூடத் தெரிந்த மனுஷர், நல்ல டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இன்னும் இரண்டு வரி எழுதினார். பிறகு, இது ருமாட்டிசம் (கீல்வாதம்), உடம்பில் எங்கோ செப்டிக் ஃபோகஸ் (ஒளிந்திருக்கும் சீழ்) இருக்கிறது, அநேகமாகப் பல்லின் வேரில் இருக்கும், பல்லை எடுத்துவிட்டால் சரியாகும் என்றார். பாடி காரணம் இல்லை என்று அவரே தீர்மானித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். டாக்டரே சொன்ன பிறகு நமக்கென்ன பேச்சு என்று அதே நாடா வைத்த பாடியை மறுநாளும் போட்டுக்கொண்டு போனேன்.

கடைவாய்ப் பல் மூன்றைப் பிடுங்கினார்கள். சொத்தை இல்லாத பற்கள். கரும்பு கடித்த பற்கள். பிடுங்கியவர் அவற்றைத் தட்டில் போட்டுவிட்டு, நல்ல பல்லாகத்தான் தெரிகிறது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்டது. வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் எதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று யாராவது சொன்னால், பல் எங்கே இருக்கிறது என்று கேட்பேன்.

வலி அப்படியே இருந்தது. மூன்றாவது விரலும் மரக்க ஆரம்பித்தது. தினமும் சாயந்திரம் வந்து லினிமெண்ட் (தேய்க்கிற மருந்து எண்ணெய்) தேய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் தேய்த்துவிடுகிறவள் அந்தோணியம்மாள் என்ற ஆயா. என்னைவிடச் சின்னவள். ஆஸ்பத்திரிக்கு வருமுன் ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்புக் கொட்டான் (பனையோலைக் கூடை) சுமந்தவள். முதல் நாள் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். அதையும் கழற்றுங்க என்றாள். தயங்கித் தயங்கிப் பாடியையும் கழற்றினேன். எண்ணெயைக் கையில் ஊற்றினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சரம்மா, தோளுல என்னது இது, வாய்க்கா வெட்டுனாப்ல கெடக்கு? சும்மாடு வைக்காமலா இத்தன நாளு சொமந்திய?"

சும்மாடு என்றால் தலைச்சுமைக்காரர்கள் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்வது. அதன்மேல்தான் கூடையை ஏற்றுவார்கள். எவ்வளவு அவசரமானாலும் சும்மாடு இல்லாமல் ஒருத்தியும் கூடையைத் தூக்கமாட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத அத்தனை பெண்களுக்கும் தெரிந்தது, தையல் பரீட்சை பாஸ் பண்ணிய எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை.

அவள் என் விரலைப் பிடித்து என் தோளிலேயே வைத்துக் காட்டினாள். பள்ளம். காறை எலும்பின் (கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் எலும்பு) பக்கத்தில் அவள் அழுத்தியதும் சுண்டு விரல் வரை மின்சாரம் பாய்ந்தது. அந்த எலும்புக்குப் பின்னால்தான் கைக்குப் போகும் நரம்புகள் இறங்குகின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் அந்த மேஜையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை. ஆத்திரத்தில் அழுதேன். யார்மேல் என்று கேட்டால் ஒரு ஆள்மேல் இல்லை. நாடாமேல், டாக்டர்மேல், என் வீட்டுக்காரர்மேல், எல்லாரையும்விட என்மேல்.

வீட்டுக்கு வந்து மெஷினைத் திறந்தேன். முதல் சும்மாடு சுத்த மோசம். பழைய பனியன் துணியில் சின்னப் பை தைத்து, ஏரல் சந்தையில் வாங்கிய இலவம்பஞ்சைத் திணித்து நாடாவுக்கு அடியில் வைத்தேன். தூத்துக்குடி வேர்வைக்குப் பஞ்சு பத்தே நாளில் திரண்டு கோலிக்குண்டு ஆகிவிட்டது. நாடா அழுத்தியது போக இப்போது குண்டும் சேர்ந்து அழுத்தியது. இரண்டாவதைப் பஞ்சில்லாமல் ஃபிளானல் துணியை எட்டு மடிப்பாக மடித்துத் தைத்தேன். அதில் வேர்க்குரு. போதாததற்கு அது இடத்தில் நிற்கவே இல்லை. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முதுகுப் பக்கம் வழுக்கி இறங்கி, புடவைக்கு மேலே மூட்டையாகத் தெரியும். பிள்ளைகள் குசுகுசுவென்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

இந்த வேலையெல்லாம் இடது கையால். வலது கை துணியைப் பிடிக்கும், அவ்வளவே. ஒரு நாள் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, கோடு போட்ட இடத்தில் வெட்டிக் கொடுத்தார். கோணல்மாணலாக வெட்டினார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு அவரைத் திட்டவில்லை.

மூன்றாவதுதான் சரியாக வந்தது. நீங்களும் தைத்துக்கொள்ளலாம். நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் இலைபோலக் குறுகவேண்டும். நடுவில் மெல்லிசாகப் பஞ்சு பரப்பி, மெத்தைக்குப் போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் பஞ்சு திரளாது. சும்மாட்டை நாடாவுக்கு அடியில் சும்மா வைக்கக் கூடாது. மேல்பக்கம் ஒரு துணிக்குழாய் வைத்துத் தைத்து, அதற்குள் நாடாவை ஓடவிடுங்கள். கை எவ்வளவு அசைந்தாலும் அது இடம் மாறாது. இன்னொன்றையும் செய்தேன். பாடியின் அடிப்பட்டியை மூன்று விரல் அகலமாக்கி விலாவில் நன்றாக இறுக்கினேன். பாரத்தில் பாதியை விலா வாங்கிக்கொண்டது. இத்தனை நாளும் முழுப் பாரமும் இரண்டு நூல் கனத்தில் தொங்கியிருக்கிறது.

பத்து நாளில் தோள் குத்தல் நின்றது. நடு விரல் முதலில் திரும்பியது, மோதிர விரலுக்கு இரண்டு மாதம் ஆனது. சுண்டு விரல் திரும்பவே இல்லை. ஊசி குத்தினாலும் அதற்குத் தெரியாது. துணியில் சிவப்புப் புள்ளி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. இன்னொரு ஜோடி சும்மாடு தைத்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். மேஜைமேல் பிரித்து வைத்தேன். இதுதான் மருந்து என்றேன். அவர் முகம் சிவந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னேன் என்றேன். இல்லை என்று சாதித்தார். அன்றைக்கு எழுதின சீட்டை எடுங்கள் என்றேன். எடுத்தார். இங்கிலீஷில் எழுதியிருந்தது, நானும் படித்தவள்தானே, தலைகீழாகவே படித்தேன். நோயாளிக்கு உடம்பு முழுக்க வலி என்று எழுதியிருந்தது.

இரண்டு நிமிஷம் ஆனது எனக்கு விளங்க. நான் பாடி என்றேன். அவர் உடம்பு என்று எடுத்துக்கொண்டார், அவருடைய இங்கிலீஷில். முழு உடம்புமா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாவுக்கு மூன்று பற்கள்.

"நீங்க தமிழ்ல கேட்டிருந்தா எம் பல்லு இருந்திருக்கும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சும்மாடுகளை அங்கேயே விட்டுவந்தேன். அடுத்து வருகிறவளுக்குக் காட்டட்டும்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, பெரிய டீச்சர் முன்னால் மூன்று கஜம் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டிக் காட்டினேன். கத்தரிக்கோல் விழவில்லை. வேலை நிலைத்தது. அந்த வாரமே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சும்மாடு தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பாடப் பதிவேட்டில் பாடி என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். இதென்ன வார்த்தை, வேறு பேர் போடக் கூடாதா என்றார்கள். வேறு பேர் எனக்குத் தெரியாது, இருக்கிற பேரை உரக்கச் சொல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது என்றேன். பதிவேட்டை மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம். தையல் அறைக்குள் பெரிய டீச்சர் வந்து கதவைச் சாத்தினார்கள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு ஜாக்கெட்டைத் தளர்த்தினார்கள். தோளில் என்னுடையது போலவே பள்ளம்.

"டீச்சர், எனக்கும் ஒரு ஜோடி தச்சுத் தருவியளா?"

எனக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை அது. வந்ததே கோபம், அதை எப்படி எழுத? உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, ஒரே கட்டிடத்தில் ஒன்பது வருஷம் இருந்தோம், ஒருத்திக்கொருத்தி வாயைத் திறக்கவில்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. எத்தனை வருஷமாக என்று மட்டும் கேட்டேன். இருபது இருக்கும் என்றார்கள்.

அளவெடுக்கக் கையை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். முதலில் பட்டது சுண்டு விரல், அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தேன். விரல் கனத்தில் பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது.