வெள்ளிக்கிழமை நாலு மணிப் பதிவு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். டாலிகஞ்சிலிருந்து பஸ் பிடித்து, சாட்டத்தில் ஃபெர்ரி ஏறி, தினமும் கடலைத் தாண்டி வருகிறவளுக்குப் பயப்பட நேரம் ஏது? ஆனால் வைஜெயந்தியைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த வெள்ளிக்கிழமைகளைச் சொல்லாமல் முடியாது.

வைஜெயந்தி எங்கள் தமிழ் டீச்சர். தென்கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பே ஊரில் பிறந்தவள். அப்பா அழகர்சாமி பட்டாளத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். சுனாமி வந்தபோது இவளுக்குப் பதினேழு வயது. தங்கை ஷோபாவைக் கடல் கொண்டுபோனது. உடம்பும் கிடைக்கவில்லை, ஒரு நோட்டுப் புத்தகம்கூட மிஞ்சவில்லை. "அவ கையெழுத்து எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுக்கா" என்று ஒருமுறை ஃபெர்ரியில் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அடிக்க மாட்டாள். தப்போ சரியோ, அப்படியே இருக்கும். சிவப்புப் பேனா வாங்காமலே காலம் தள்ளிய தமிழ் டீச்சர் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிற ரகம். அவர்களுக்காக ஒரு ப்ளாக் ஆரம்பித்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நாலு மணிக்குப் பதிவுகள் வரும், பெற்றவர்கள் போனில் படிக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து நெட் மழையைக் கண்டால் ஓடிவிடும், மழையோ மே மாதம் வந்தால் டிசம்பரில்தான் போகும். அதனால் நெட் இருக்கிற நாளில் பல வாரத்துப் பதிவுகளை மொத்தமாக ஏற்றி, தேதி வந்ததும் தானாக வெளிவரும்படி வைத்துவிடுவாள். கப்பல் வந்த அன்றே வெங்காயத்தை மூட்டையாக வாங்கிப் போடுகிற தீவுக்காரப் புத்தி. அதோடு விட்டாளா? "பதிவு வர்ற அன்னைக்கு என்ன நடக்கும்னு யோசிச்சு, 'இன்று'ன்னே எழுதுங்க" என்றும் சொல்லிவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

மற்ற பிள்ளைகள் இரண்டு எழுதுவதற்குள் மூக்கால் அழுதார்கள். ப்ரியங்கா மட்டும் டிசம்பர்வரைக்கும் எழுதினாள். ஃபெர்ரி வந்து நிற்கிற ஜெட்டி பக்கம் டிபன் கடை வைத்திருக்கிற மல்லிகாவின் ஒரே பெண் அவள், அப்பா இல்லை. ஜூலையில் ஒருநாள் ஆபீஸ் வாசலில் நின்று, "இந்திராணி மேடம், கொஞ்சம் வெள்ளைத்தாள் தருவீங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டதும் எடுத்து நீட்ட இது என்ன உங்க அம்மா கடையா? சல், கிளாஸுக்குப் போ!" என்று விரட்டினேன். பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் இருபத்தொரு பதிவு எழுதிக் கொடுத்தாளாம். வைஜெயந்தி அத்தனையையும் டைப் அடித்து ஏற்றிவிட்டாள்.

ஆகஸ்டில் ப்ரியங்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் பிள்ளை இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தத் துக்கத்தில் ப்ளாக் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாலு மணிக்குப் பதிவு வந்துவிட்டது. 'இன்று ஒரே மழை. ஃபெர்ரி நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் லீவு. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.' அன்றைக்கு நிஜமாகவே மழை, நிஜமாகவே ஃபெர்ரி நின்றிருந்தது.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் மல்லிகாவின் கடைக்கு ஓடினோம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து போனில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அடக்கத்தன்றும் அழாதவள், அப்போதும் அழவில்லை.

"வீட்லதான் இருக்காளாம் டீச்சர்" என்றாள்.

"தப்பு என்னோடதும்மா. எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்று வைஜெயந்தி கையைக் கூப்பினாள்.

"ஐயோ, எடுத்துராதீக! எம் புள்ள பேசுறா, அவ வாய ஏன் பொத்துறீக? ஒரு எழுத்தத் தொடக் கூடாது. அவ மேல சத்தியம் பண்ணுங்க."

வைஜெயந்தி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிதோறும் மூன்றரைக்கே கடையில் அடுப்பு அணைந்துவிடும். பதிவில் என்ன இருக்கிறதோ, மல்லிகா அதைச் செய்வாள். 'இன்று அம்மா பச்சைச் சுடிதார் வாங்கித் தந்தாள்' என்று வந்தால் கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சைச் சுடிதார் வாங்கி வந்து கொடியில் போடுவாள். ஆயுத பூஜைக்கு, 'கிரைண்டருக்கு நான்தான் பொட்டு வைத்தேன், கொஞ்சம் கோணல்' என்று வந்தது. மறுநாள் நான் இட்லி வாங்கப் போனால் கிரைண்டரில் பொட்டு கோணலாக இருக்கிறது. "யாரு வச்சது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மல்லிகா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு இட்லி இறங்கவில்லை.

டிசம்பரில் கடைசிக்கு முந்தின பதிவு வந்தது. 'அடுத்த வெள்ளி நானும் அம்மாவும் மெயின்லேண்ட் கப்பல் ஏறுகிறோம்.' சொன்ன தேதியில் ஒருநாளும் கிளம்பாத கப்பல், பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமையே கிளம்புகிறது! மல்லிகா வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று, தீவுக்காரர்களுக்குத் தருகிற ஐலண்டர் கார்டில் ப்ரியங்காவுடையதைக் காட்டி.

புதன்கிழமை ஃபெர்ரியில் வைஜெயந்தி போனை என் கையில் கொடுத்தாள். கடைசிப் பதிவு, இன்னும் வெளிவராதது. 'இன்று கப்பல். வைஜெயந்தி டீச்சர் வழியனுப்ப வந்து அழுகிறார். ஆபீஸ் இந்திராணி மேடம் வரவில்லை. அவர் வந்தால் ஆபீஸை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நடுக்கடல் வந்ததும் நானும் அம்மாவும் மேல்தட்டுக்குப் போய்க் கம்பி ஓரம் நிற்போம். அம்மா என் கையை விடமாட்டாள். நான் எங்கே போனாலும் அம்மாவும் வருவாள்.'

"அரே, அழிச்சுத் தொலைடி இதை!" என்று கத்தினேன். ஃபெர்ரியே திரும்பிப் பார்த்தது.

"சத்தியம் பண்ணியிருக்கேன்கா."

"சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் பொம்பளை கம்பியைத் தாண்டிடுவா."

"அழிச்சா மட்டும்? டிக்கெட் கையில இருக்கு. புள்ள என்ன சொல்ல வந்தாளோன்னு தேடிக்கிட்டே ஏறுவாங்க. நானும் கூடப் போறேன்னு டிக்கெட் கேட்டேன், இடமில்லைன்னுட்டான். சொல்லியும் பார்த்தேன், அவங்க காதுலயே விழலை." முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஷோபாவை விட்டேன். இவங்களையும் கடலுக்கு நானே எழுதிக் குடுத்துட்டேன்கா."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. வந்ததெல்லாம் நடந்தது என்றுதானே அவள் நம்புகிறாள்? மழை வந்தது, கப்பலும் வந்தது. நடக்காத ஒன்று அதில் இருந்தால்? எனக்கு வழியனுப்புகிற வழக்கமே கிடையாது. கூடப்பிறந்த தம்பி சென்னைக்குப் போனபோதுகூட நான் கப்பலடிக்குப் போனதில்லை. அந்தக் குட்டி என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு, கப்பல் கிளம்புகிற ஹட்டோ துறைக்குப் போனேன். மல்லிகா ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அங்கே பச்சைச் சுடிதாரை மடித்து வைத்திருந்தாள். அந்தப் பக்கம் வைஜெயந்தி நின்று அழுதுகொண்டிருந்தாள். நாலு மணி ஆனது. மல்லிகா போனை எடுத்து விரல் வைத்துப் படித்தாள். வைஜெயந்தியைப் பார்த்துத் தலையாட்டினாள். அடுத்த வரியில் விரல் நின்றது.

நான் அவள் முன்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க வரலன்னுல்ல போட்டுருக்கா?"

"வந்துட்டேனே."

"எப்படி?"

"பஸ்லதான்."

"நீங்க வருவீகன்னு அவளுக்குத் தெரியலயா?"

"தெரியாதும்மா. இது ஜூலையிலேயே எழுதினது. தாள் கேட்டா, நான் விரட்டிட்டேன். அந்தக் கோவத்துல எழுதியிருக்கா."

மல்லிகாவின் உதடு கோணியது. "அப்ப, எம் புள்ள இப்ப என்னயப் பாக்கலயா?"

பார்க்கிறாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் கப்பல் ஏறியிருப்பாள்.

"இல்லம்மா. பாக்கலை" என்றேன்.

நாலு மாதமாக அடைத்துக் கிடந்தது அப்போது வெளியே வந்தது. சுடிதாரை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, "போயிட்டாளே, எம் புள்ள போயிட்டாளே" என்று அவள் கதறியதில் போர்ட்டர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். வைஜெயந்தி அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்? கப்பல் ஊதிவிட்டுக் கிளம்பிப் போனது. இரண்டு டிக்கெட்டும் மல்லிகாவின் கைக்குள் கசங்கிக் கிடந்தன.

திங்கட்கிழமை ஒரு கட்டு வெள்ளைத்தாளைக் கொண்டுபோய் வைஜெயந்தியின் மேஜையில் வைத்தேன். "இனிமே 'நேற்று'ன்னுதான் எழுதச் சொல்லப்போறேன்கா" என்றாள். மல்லிகாவின் கடை இப்போது வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கிறது.

என்னைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடேன் என்று ஒருநாள் வைஜெயந்தியிடம் கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டேன். பிள்ளை எழுதியதில் கை வைக்க மாட்டாளாம். எப்போது திறந்து பார்த்தாலும் கப்பல் அங்கே நிற்கிறது, வைஜெயந்தி அழுகிறாள், ப்ரியங்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் இன்னும் வரவில்லை.